ஐந்தாவது இருமல்

மார்ச் 4

அண்ணா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மா போனதிலிருந்து இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று அண்ணி கேட்பார்கள். வேலை விஷயமாக ஒரு சந்தேகம். அதைத் தீர்க்க, எனக்குத் தெரிந்தவர்களில் உங்களை விட்டால் ஆள் இல்லை. சமாதானம் பேச எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அதே ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கிறேன். அதே நாற்காலி, அதே கண்ணாடி ஜன்னல். ஓர் இருமல் மருந்தைச் சோதிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், வருகிறவர்கள் யாருக்கும் இருமலே கிடையாது. நல்ல ஆரோக்கியமான இருபத்து நான்கு பேர். ஒவ்வொருவரும் ஒரு வார இடைவெளியில் இரண்டு நாள் வர வேண்டும். ஒரு நாள் மருந்து, இன்னொரு நாள் அதே நிறமும் அதே கசப்பும் உள்ள வெறும் பாகு. எந்த நாள் எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எங்கள் பெரிய டாக்டருக்கும் தெரியாது. மருந்தைக் கலந்து கொடுப்பவரிடம் மட்டும் ஒரு பட்டியல், உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறது.

குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, மிளகாயின் காரச் சத்தை ஆவியாக்கி ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொல்வோம். அதற்குப் பிறகு பதினைந்து விநாடிக்குள் அவர் எத்தனை முறை இருமுகிறார் என்று நான் எண்ண வேண்டும். ஐந்துக்குக் குறைவாக வந்தால் அடுத்த மூச்சுக்குக் காரம் இரண்டு மடங்கு. அப்போதும் ஐந்து வராவிட்டால் அதைப்போல இரண்டு மடங்கு. நடுநடுவே வெறும் உப்புநீர் ஆவியும் கொடுப்போம், அடுத்தது காரம் என்று யாரும் முன்கூட்டித் தயாராகிவிடக் கூடாதே. ஒரே மூச்சுக்கு ஐந்து இருமல் வந்ததும் நான் "போதும்" என்பேன். சோதனை அத்தோடு முடிந்தது. எவ்வளவு காரத்தில் ஐந்து வந்தது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. மருந்துக்கு வேலை செய்யும் குணம் இருந்தால், மருந்து குடித்த நாளில் ஐந்தைத் தொட அதிகக் காரம் தேவைப்படும்.

என் சந்தேகம் இதுதான். நான்கு இருமல் தெளிவாக வருகிறது. ஐந்தாவதாக ஒன்று வருகிறது, இருமலும் இல்லாமல் செருமலும் இல்லாமல். அதை நீங்கள் எதில் சேர்ப்பீர்கள்? உங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்ப்பீர்கள். எங்கே கோடு கிழிக்க வேண்டும் என்று எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கை


மார்ச் 11

வாலு,

உன் கடிதம் வந்தது. அண்ணிதான் வாங்கினாள். "உங்க தங்கச்சி கையெழுத்து மாதிரி இருக்கு" என்று மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனவள், நான் உறையைப் பிரித்துப் படித்து முடிக்கும்வரை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்து, "திட்டியிருக்காளா?" என்றாள். "இல்லை, 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கா" என்றேன். "அப்போ திட்டித்தான் இருக்கா" என்றாள்.

பாவாடை கட்டின நாளிலிருந்து என்னை 'டேய்' என்று கூப்பிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினவள், இப்போது வங்கி மேலாளருக்கு விண்ணப்பம் போடுவதுபோல் எழுதியிருக்கிறாய். இதற்கு நீ நாலு அறை விட்டிருக்கலாம்.

சரி, உன் சந்தேகம். நீ இருமலை எண்ணுகிறவள், நான் இருமலை வெட்டுகிறவன். வேறு எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு ஜோடி இருக்காது. மேடையில் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார், மூன்றாவது வரிசையில் ஒரு புண்ணியவான் அதுவரை அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் அவிழ்த்துவிடுவார். ஒருவர் இருமினால் போதும், பத்துப் பேருக்குத் தொண்டை அரிக்கும். அந்தப் பதினொன்றையும் ஒலிப்பதிவிலிருந்து சுவடு தெரியாமல் எடுத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

இருமல் திரையில் சுவர் மாதிரி எழும்பும். ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை, சட்டென்று செங்குத்தாக ஓர் ஒலி. அதற்குப் பின்னால் காற்று, சில சமயம் கடைசியில் கொஞ்சம் குரல். செருமல் அப்படி இல்லை. அது சரிவில் ஏறும், முதலிலேயே குரல் கலந்திருக்கும். மூடியிருந்த தொண்டை வெடித்துத் திறந்தால் இருமல், உறுமித் திறந்தால் செருமல். நடுவில் எதுவும் கிடையாது. "இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல்" என்று என் உதவியாளர் யாராவது சொன்னால், காதைக் கழுவிக்கொண்டு வா என்று அனுப்புவேன்.

வேறு எதுவும் எழுதக் கூடாது என்றிருக்கிறாய். எழுதவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

ஜோடி என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? காதைக் கழுவிக்கொண்டு வா என்று ஊருக்குச் சொல்கிற நீ, அன்று எதைக் கழுவினாய்? அம்மாவை அந்த இசை நிகழ்ச்சிக்கு நீதான் அழைத்துப் போனாய். நல்ல இடமாகப் பார்த்து மூன்றாவது வரிசையில், கூட்டத்தின் கைதட்டலைப் பிடிக்கிற மைக்குக்கு நேர் கீழே உட்கார வைத்தாய். பிறகு உன் அறையில் இரட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாள் ஹெட்போன் மாட்டி, அம்மாவின் இருமலை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டினாய். யாரோ முன்பின் தெரியாதவர்கள் இருமலைக் கேட்டே இவர் புகைபிடிப்பவர், இவருக்குச் சளி என்று சொல்லி அண்ணியைச் சிரிக்க வைப்பாயே. பெற்ற தாயின் இருமல் காதில் விழவில்லையா? நான்கு மாதம் கழித்து நோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, முன்னாலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதைத்தான் அன்றைக்கு மாமா, சித்தி எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. உனக்கு இருமல் என்றால் அழுக்கு. துடைத்துப் போட்டுவிட்டாய்.

போதும். இதை எழுத உட்காரவில்லை.

சுவர், சரிவு என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் எங்கள் ஆட்கள் கண்ணில் நீர் வழிய, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் திரை கிடையாது. காதும், கையில் எண்ணுவதற்கு ஒரு பொத்தானும்தான். பத்தொன்பதாம் எண் என்று ஓர் அம்மாள் வருகிறார். ஐம்பத்திரண்டு வயது, குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தருபவர். இருமினதும், யாரும் கேட்காமலேயே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பதுபோல். அம்மா காட்டுவாளே, அதே மாதிரி. வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூட எனக்கு எரிச்சல் வந்தது. அப்படிப்பட்டவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, நடுவில் எதுவும் கிடையாது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

முழங்கால் பரவாயில்லை.


மார்ச் 27

வாலு,

திட்டியதற்குப் பதில் இப்போது எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று அர்த்தமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் கடிதத்தில் பொதுவாக ஒரு சந்தேகம் என்றாய். இரண்டாவதில் சந்தேகத்துக்கு வயதும் தொழிலும் வந்துவிட்டன. நான் சொன்ன பதில் உனக்கு ஏற்கெனவே தெரியும். ஐந்து வருடமாக எண்ணுகிறவளுக்கு இருமல் எது, செருமல் எது என்று தெரியாதா? "நடுவில் ஒன்று உண்டு" என்று நான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இரண்டு வருடக் கோபத்தையும் விழுங்கிவிட்டு எழுதினாய்.

அந்த அம்மாள் விஷயத்தில் என்ன செய்தாய்?


ஏப்ரல் 4

அண்ணா,

உனக்கு மட்டும் இப்படி மூக்கில் வேர்த்துவிடும். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பத்தொன்பதாம் எண்ணின் இரண்டாவது நாள். காரம் ஏற ஏற அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. ஒரு மூச்சுக்கு இரண்டு இருமல், அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்ததற்கு நான்கு. நான்காவது முடிந்ததும் உள்ளங்கையைத் தூக்கினார். பிறகு தொண்டையைச் செருமினார். செருமல்தான், அண்ணா. நீ சொன்ன சரிவு. எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். என் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது. "போதும்" என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு மூச்சு, இன்னும் இரண்டு மடங்கு காரம், இழுக்க வேண்டியிருந்தது. அதை அவருக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

முதல் நாள் நான் ஒழுங்காக எண்ணினேன். இரண்டாவது நாள்தான் இப்படி. இதில் என்ன கொடுமை தெரியுமா? அந்த இரண்டாவது நாள் அவர் குடித்தது மருந்தாக இருந்தால், நல்ல மருந்தை மட்டமென்று காட்டியிருக்கிறேன். வெறும் பாகாக இருந்தால், ஒன்றுக்கும் உதவாத மருந்தை உசத்தியென்று காட்டியிருக்கிறேன். எந்தப் பக்கம் பொய் சொன்னேன் என்பதுகூட எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்கிறோம். ஆனால் பத்தில் ஒன்றைத்தான் இன்னொருவர் கேட்டுச் சரிபார்ப்பார். சரிபார்க்க எடுத்தவற்றில் பத்தொன்பது இல்லை. அதனால் நான் வாயைத் திறக்காதவரை யாருக்கும் தெரியப் போவதில்லை. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தர உத்தரவு வர வேண்டும். ஐந்து வருடமாக ஆறு ஆறு மாத ஒப்பந்தத்தில் ஓட்டியிருக்கிறேன். பெரிய டாக்டரே சிபாரிசு எழுதியிருக்கிறார், "இவள் காதை நம்பலாம்" என்று. அந்தக் காகிதத்தை என்னிடமே காட்டினார்.

நான் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? உன்னைத் தவிர இதை யாரிடமும் கேட்க முடியாது. உன்னிடம் கேட்பது எனக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.


ஏப்ரல் 9

வாலு,

வாயை மூடிக்கொண்டு இரு.

இருபத்து நான்கு பேரில் ஒருத்தர். ஒருத்தரில் ஒரு நாள். அந்த நாளில் ஒரு செருமல். இதனால் யார் குடி முழுகப் போகிறது? உத்தரவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அண்ணியிடமும் கேட்டேன், யார் என்று சொல்லாமல். அவளும் இதையேதான் சொன்னாள். பிறகு, "உங்க தங்கச்சி கேக்கற ஆள் இல்லையே" என்றாள்.


ஏப்ரல் 13

அண்ணா,

இதைச் சொல்ல உனக்குத்தான் தகுதி உண்டு. காதில் விழுந்ததை விழவில்லை என்று வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உன்னிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.


ஏப்ரல் 22

வாலு,

உன் நான்கு வரியை அண்ணி படித்தாள். முதல் முறையாக உன் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இன்னும் அவகிட்ட சொல்லலையா நீங்க?" என்றாள். அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. ஐந்தாறு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

எனக்குக் காதில் விழுந்தது.

முதல் நாள் தெரியவில்லை. முதல் நாள் நான் பாட்டைக் கேட்பேன், இருமல் எல்லாம் திரையில் வெறும் அடையாளக் கோடுகள்தான். இரண்டாம் நாள் காலையில், மெதுவான பாட்டு ஒன்றின் நடுவில், இடது பக்க மைக்கில் ஓர் இருமல். வறட்டு இருமல், முடிவில் சின்னதாக ஒரு குரல், வாயைக் கையால் பொத்தியதால் அடங்கிப்போன குரல். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். அது அம்மா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்த நிகழ்ச்சி முழுக்க அம்மா பதினான்கு முறை இருமியிருந்தாள். பாட்டுக்கு இடையில் மற்றவர்கள் இருமும்போது அல்ல. அடக்கிப் பார்த்து, முடியாமல், பாட்டின் நடுவில். அடக்க முடியாத இருமல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, உனக்கு இருமல் இருக்கா?"

"எனக்கா? நான் எங்கடா இருமினேன்?"

"பதிவுல கேக்குதும்மா. மூணாவது வரிசை. நீதான்."

"போடா, எனக்குப் பின்னாடி ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். லொக்கு லொக்குன்னு ஒரே இம்சை. அவனா இருக்கும். உனக்கு ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது போயிடுச்சு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். வாலு, நான் நம்பவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் நான், இருமுவது ஆணா பெண்ணா என்று தெரியாமலா போகும்? நம்பவில்லை, ஆனால் நம்பினேன் என்று வைத்துக்கொண்டேன். அம்மா சிரித்தாள், மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள், பேச்சு எங்கெங்கோ போனது. போனை வைத்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உட்கார்ந்து பதினான்கையும் வெட்டினேன். மறுநாள் வேலையை முடித்துக் கொடுத்தேன். வெட்டிய துண்டுகளை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமில்லை, அவை போய்விட்டன.

நீ எல்லோர் முன்னாலும், "காதிருந்தும் செவிடாப் போயிட்டியா?" என்று கத்தினபோது, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்கவே இல்லை என்று நீ நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. செவிடன் என்ற பெயர் பரவாயில்லை. கேட்டுவிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவின் ஒரு சிரிப்புக்கு விட்டுக்கொடுத்தவன் என்ற பெயரை என்னால் தாங்க முடியாது. இரண்டு வருடம் நீ பேசாமல் இருந்ததைக்கூட அதனால்தான் பொறுத்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தால் இது வெளியே வந்துவிடும்.

அதனால் வாயை மூடிக்கொண்டு இரு என்று உனக்குச் சொன்ன கை இதுதான். அந்த யோசனையை நீ எங்கே போட வேண்டுமோ போடு. பெரிய டாக்டரிடம் போய்ச் சொல் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஒலிப்பதிவு அறையில் பாதி நாள் நான் எதையும் கேட்பதில்லை. கோட்டைப் பார்த்து வெட்டுகிறேன்.

அண்ணன்


மே 30

அண்ணா,

ஐந்து வாரமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார். "பத்தொன்பது மட்டும்தான்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இருபத்து நான்கு பேருடைய பதிவுகளையும் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து முதலிலிருந்து கேட்க வைத்தார். இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் கூடத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாம் சரியாக இருந்தது. பத்தொன்பதில் நான்கு இருமல், ஒரு செருமல்.

இனி நான் எண்ண மாட்டேன். ஆவி இழுக்கும் குழாய்களைக் கழுவி உலர்த்துவதும், வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்புவதும் என் வேலை. நிரந்தர உத்தரவு வேறொருத்திக்குப் போனது. நல்ல பெண்தான். என் நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள்.

நடந்ததை மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார்கள். பிறகு அந்த நீச்சல் அம்மாளை வரவழைத்து, இரண்டு நாள் சோதனையையும் மறுபடி செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். என்னையும் உடன் இருக்கச் சொன்னார்கள், நானே விளக்கட்டும் என்று. விளக்கினேன். நீங்கள் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியவில்லை, அதனால் ஒன்று கூட்டி எண்ணிவிட்டேன் என்றேன். அவர் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நைப்பாசை இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் தாங்க மாட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் ஆறு வருஷமா இருமறார். பாட்டில் பாட்டிலாக் குடிக்கறார். அதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கான்னு ஒருத்தராவது நேரா சொல்லட்டும்னுதான் நான் இங்க வந்து காரத்தை இழுக்கறேன். நீ பாவம் பார்த்து நாலுல நிறுத்திட்டா அவருக்கு நான் என்னத்தைப் போய்ச் சொல்றது? இப்போ உன் இரக்கத்துக்கு நான் இன்னொரு தடவை இருமணும்."

கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளும் வந்தார். நான் கதவுக்கு வெளியே குழாய்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். எண்ணக் கூடாது என்று நினைத்தாலும் காது எண்ணிவிடுகிறது. அன்று நான் நிறுத்திய காரத்தைத் தாண்டி, இரண்டு நாளும் இன்னொரு படி போனார். கண்ணெல்லாம் நீராக வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். பட்டியல் உறையை அடுத்த மாதம்தான் பிரிப்பார்கள். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அன்றைக்குத்தான் அவருக்கும் எனக்கும் தெரியும்.

இனி உன் விஷயம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தேன், பெரிய மனுஷி மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை, அண்ணா. பெரிய டாக்டர் கேட்டாரே, அது மட்டும்தான் என்று எப்படி நம்புவது என்று, அந்தக் கேள்வியோடு ஒரு மாதமாக நடந்துகொண்டிருக்கிறேன். பதிவுகளை அவர்கள் கேட்டுச் சரிபார்த்துவிட்டார்கள். பதிவாகாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வாள், உனக்குத் தெரியும். நீ அவளை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே அவள் போனில் இருமினாள். "தண்ணி குடிச்சேன், புரையேறிடுச்சு" என்றாள். சரி என்றேன். அடுத்த ஞாயிறும் தண்ணீர் புரையேறியது. அப்போது நான் இந்தக் கூடத்தில் சேர்ந்து இரண்டு வருடம். பகல் முழுக்க எண்ணுகிற காது, ஞாயிற்றுக்கிழமை என்று சும்மா இருக்குமா? முதல் வாரம் நான்கு. அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் ஒன்பது. இதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலேயே இத்தனை வருடமாக மனதில் இருக்கிறது. உன்னை எல்லோர் முன்னாலும் செவிடன் என்று கத்தியபோதும் இந்த எண்கள் என் வாய்க்குள்தான் இருந்தன. அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீயாவது அம்மாவிடம் நேராகக் கேட்டாய். நான்காவது ஞாயிறு பதினொன்று வரை எண்ணினேன். அவள் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். "அம்மா, அடுப்புல பால் வச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலெல்லாம், அவள் இருமத் தொடங்கினதும் எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். பதினொன்றுக்கு மேல் எத்தனை என்று எனக்குத் தெரியாது.